இருபதாவது கேள்வி

ஆகஸ்ட் 21, வியாழன்

இந்த நோட்டு கறிவேப்பிலைச் செடிக்காக வாங்கியது. மனைவி கோகிலா ஊருக்குப் போகும்போது முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனாள்: "இரண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர். ஊற்றியதும் தேதி போடவும். உறைபனி விழுவதற்கு முன் தொட்டியை உள்ளே தூக்கி வைக்கவும்." என் மாமனார் கோபியில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அவர் எழுந்து நடக்கும்வரை அவள் அங்கேதான். இந்த ஒஹாயோ ஊருக்கே குடிதண்ணீரைச் சோதித்துச் சான்று கொடுக்கிறவன் நான். எனக்கு ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தெரியாது என்பது அவள் எண்ணம்.

இன்று ஊற்றவில்லை. நறுமுகையைக் கல்லூரியில் விட்டுவிட்டு வந்தேன். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். போகும்போது காரில் பெட்டி, மெத்தை விரிப்பு, மின்விசிறி, குழந்தை எல்லாம் இருந்தன. வரும்போது பின்னால் ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டுகொண்டே வந்தது.

விடுதி வாசலில் அவள்தான் என்னைக் கிளப்பினாள். "போதும்ப்பா, நீங்க கெளம்புங்க. இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போயிருவீங்க."

"தெனமும் சாப்பிட்டுட்டு ஒரு மெசேஜ் போடு கண்ணு."

"சரிப்பா."

ஏழு மணிக்கு "சாப்பிட்டியா?" என்று அனுப்பினேன். "சாப்பிட்டேன்" என்று வந்தது. அப்புறம்தான் எனக்கும் பசித்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தண்ணீர் ஊற்றினேன்.

கோகிலா கூப்பிட்டாள். "சாப்பிட்டீங்களா?" என்றாள். "ஆச்சு" என்றேன். ஆனதென்னவோ உண்மைதான். குக்கரில் இருந்தபடியே தயிரைப் போட்டுப் பிசைந்து, சமையலறை ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டே சாப்பிட்டேன். மேசையில் உட்கார்ந்தால் எதிரே காலி நாற்காலிகள்தான் தெரிகின்றன. நின்றால் பக்கத்து வீட்டுக்காரன் புல் வெட்டுவதாவது தெரிகிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

தண்ணீர். துணி உலர்த்தும் இயந்திரத்தில் தூசி எடுத்தேன். நறுமுகை: "சாப்பிட்டேன்."

செப்டம்பர் 19, வெள்ளி

தினமும் ஏழு மணிக்கு என் கேள்வி போகிறது, ஏழு ஐந்துக்குள் பதில் வந்துவிடுகிறது. பிள்ளையை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறோம் என்று கோகிலாவிடம் பெருமை பேசினேன். "வேற என்னுங்க சொல்றா?" என்றாள். வேறு என்ன சொல்ல வேண்டும்? சாப்பிடுகிறாள், படிக்கிறாள், தூங்குகிறாள்.

அவள் அறைக் கதவைச் சாத்தி வைத்திருந்தேன். ஏசி காற்று வீணாகிறதே என்றுதான். இன்று திறந்துவிட்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மத்தியானம் போன். பின்னால் ஐம்பது பெண்கள் ஒரே நேரத்தில் கத்துகிற சத்தம். தீப்பிடித்துவிட்டதோ என்று எழுந்தே விட்டேன்.

"அப்பா! எனக்கு பிட் கெடச்சிருச்சு!"

"என்ன பிட்டு?"

மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். அங்கே சொராரிட்டி என்று பெண்களுக்குச் சங்கங்கள் இருக்கின்றனவாம். ஒவ்வொன்றுக்கும் கிரேக்க எழுத்தில் பெயர், ஒரு வீடு. ஒரு வாரம் வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டும். கடைசி நாள் அவர்கள் யாரைச் சேர்த்துக்கொள்கிறார்களோ அவர்களுக்கு ஒரு அட்டை வரும். அந்த அட்டைதான் பிட். பையன்களுக்கும் இதே போல் ஃபிரட்டர்னிட்டி என்று ஒன்று உண்டு.

இவ்வளவு சந்தோஷமாக அவள் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. நான் கேட்டது என்ன தெரியுமா?

"பரீட்சை எப்பக் கண்ணு?"

"...அடுத்த மாசம்ப்பா. சரி, கூப்பிடறாங்க. வெச்சர்றேன்."

செப்டம்பர் 30, செவ்வாய்

ஆய்வகத்தில் என் பக்கத்து மேசை டென்னிஸிடம் சொன்னேன். அவனுடைய இரண்டு பெண்களும் சொராரிட்டியில் இருந்தவர்களாம். ஒருத்தி கல்யாணத்துக்குத் தோழியாக நின்ற ஆறு பேரும் அந்த வீட்டுப் பெண்கள்தான் என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் தங்கை மகன் ஃபிரட்டர்னிட்டியில் சேர்ந்து, சேர்க்கைச் சடங்கு என்று குடிக்க வைத்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததையும் சொன்னான். முதல் கதையை ஆய்வகத்திலேயே விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை என்று இணையத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டேன். உங்கள் சங்கத்தின் இந்தக் கிளை எப்போதாவது தண்டிக்கப்பட்டதுண்டா? புதிதாகச் சேரும் பெண்களை என்னென்ன செய்யச் சொல்வீர்கள்? விருந்துகளில் மது உண்டா, பொறுப்பான பெரியவர் யார்? ஒருத்தி மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது யார்? வீட்டில் சொல்லக் கூடாது என்று எதற்காவது சத்தியம் வாங்குவீர்களா? மொத்தம் பத்தொன்பது கேள்விகள். சங்கத்து ஆலோசகர் அம்மாளின் மின்னஞ்சலைக் கண்டுபிடித்து அனுப்பிவிட்டேன்.

நறுமுகையிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள்.

அக்டோபர் 3, வெள்ளி

நறுமுகையிடமிருந்து போன். அந்த ஆலோசகர் அம்மாள் என் கடிதத்தைச் சங்கத்துத் தலைவிக்கு அனுப்ப, தலைவி பதில் எழுதுவதற்காகக் கூட்டத்தில் வாசித்துக் காட்டிவிட்டாளாம். நறுமுகையின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அடியில் இருந்த என் பெயரை வாசித்திருக்கிறாள், புதிதாகச் சேர்ந்தவர்களில் தண்டபாணி என்று அப்பா பெயர் கடைசியில் வருகிற பெண் ஒருத்திதானே.

"பத்தொம்பது கேள்விப்பா! நம்பர் போட்டு! ஒரு பொண்ணு 'இது தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட் மாதிரி இருக்கு'ன்னு சொன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், தெரியுமா? வேற என்ன பண்றது?"

"உன்ற நல்லதுக்குத்தான் கண்ணு..."

"எங்கிட்ட ஒண்ணாவது கேட்டீங்களா? என்கிட்ட?"

"தெனமும் கேக்கறேனே."

அப்புறம் மெதுவாகச் சொன்னாள். கத்தியிருந்தால் தேவலை. "கொஞ்ச நாளைக்கு நீங்க கூப்பிடாதீங்கப்பா. நானே கூப்பிடறேன்."

அக்டோபர் 7, செவ்வாய்

பத்தொன்பதுக்கும் பதில் வந்தது. ஒளித்து மறைத்து எழுதியதாகத் தெரியவில்லை. நான்கு வருடத்துக்கு முன் ஒரு விருந்துக்காகக் கண்டிக்கப்பட்டோம் என்பதைக்கூட எழுதியிருக்கிறார்கள். ஆனால் பதினான்காம் பதிலில் பிடித்துவிட்டேன். "திங்கட்கிழமை மாலைச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும்." சிவப்பு மையில் கோடு போட்டு வைத்தேன். இன்ன நாள் இன்ன இடத்தில்தான் சாப்பிட வேண்டும் என்று வளர்ந்த பெண்களைக் கட்டாயப்படுத்துவது என்ன நியாயம்?

ஏழு மணிக்கு "சாப்பிட்டியா?" அனுப்பினேன். கட்டைவிரல் படம் வந்தது.

அக்டோபர் 9, வியாழன்

கட்டைவிரல்.

அக்டோபர் 10, வெள்ளி

உறைபனி. தொட்டியை உள்ளே வைக்க மறந்துவிட்டேன். காலையில் பார்த்தால் இலையெல்லாம் வேகவைத்த கீரை. பதினொரு வருடச் செடி. நறுமுகை இரண்டாம் வகுப்பு போகும்போது ஒரு சாண் உயரம் இருந்தது. தூக்கிவந்து ஹாலில் வைத்தேன், வைத்து என்ன பிரயோஜனம்.

கோகிலா கேட்டாள், "செடியை உள்ள வெச்சுட்டீங்ளா?"

"வெச்சாச்சு."

அக்டோபர் 13, திங்கள்

முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடமிருந்து மின்னஞ்சல். பெயர் ஹேலி, மூன்றாம் ஆண்டு. அவள் எழுதியதை என் தமிழில் சுருக்கி எழுதுகிறேன்: "நான் ரூவுக்கு பிக் ஆகப் போகிறேன். அவளுக்கு இன்னும் தெரியாது. தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்."

ரூ யாரென்று விளங்க எனக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. நறுமுகையில் 'று'வை மட்டும் கிள்ளி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று மாதம் யோசித்து நாங்கள் வைத்த பெயர்.

விஷயம் இதுதான். புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு மூத்த பெண் அக்காவாக அமைவாள். அவள்தான் பிக். யாரென்பது கடைசிவரை ரகசியம். ஒரு வாரம் மறைந்திருந்து பரிசு அனுப்பிவிட்டு, கடைசி நாள் வெளிப்படுவாள். அதற்காகப் பிள்ளைக்கு என்னென்ன பிடிக்கும் என்று வீட்டாரிடம் கேட்டு எழுதி வாங்குவது வழக்கமாம். அம்மாவின் முகவரிக்கு அனுப்பிப் பதில் வரவில்லை, அதனால் எனக்கு என்று எழுதியிருந்தாள். கூடவே ஒரு படிவம். பன்னிரண்டு கேள்விகள்.

அவர்களுக்கு நான் பத்தொன்பது அனுப்பினேன், அவர்கள் எனக்குப் பன்னிரண்டு அனுப்பியிருக்கிறார்கள். பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

பிடித்த தின்பண்டம்: கடலை மிட்டாய். பிடித்த நிறம்: மஞ்சள். பிடித்த மிருகம்: யானை. வீட்டில் கூப்பிடும் பெயர்: அம்முணி. பயம்: பலூன் வெடிக்கிற சத்தம். மனசு சரியில்லாதபோது எது ஆற்றும்: காரில் உட்கார வைத்து ஒன்றும் பேசாமல் தெருவைச் சுற்றி வர வேண்டும், மூன்று நான்கு சுற்றில் தானாகப் பேசுவாள். மடமடவென்று எழுதினேன். எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறேன் என்று எனக்கே மலைப்பு.

பதினொன்றாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது. "ஒரு கஷ்டம் என்றால் முதலில் யாரைக் கூப்பிடுவாள்?"

அக்டோபர் 15, புதன்

பதினொன்றுக்கு முதலில் "அவள் அம்மா" என்று எழுதினேன். கோகிலாவோ செப்டம்பர் முழுக்க ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்துகொண்டிருந்தாள், ஒருநாள்கூட அப்படி ஒரு போன் வந்ததாகச் சொன்னதில்லை. அடித்துவிட்டு "அப்பா" என்று எழுதினேன். அதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. அதையும் அழித்துவிட்டு "தெரியவில்லை" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

குழந்தைப் படம் ஒன்றும் கேட்டிருந்தாள். தேடப் போய் மூன்று மணி நேரம் ஆல்பத்தோடு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்குச் சாப்பிடவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். முதுகுக்கு எட்டவில்லை.

கோகிலா வீடியோவில் வந்து, பருப்பு வைத்துச் சுட்ட ஒப்புட்டைக் காட்டினாள். "நீங்க என்ன பண்ணீங்க?" என்றாள். கடையில் ஜாங்கிரி வாங்கினேன் என்றேன். வாங்கவில்லை. செடியைக் காட்டச் சொன்னாள். கேமரா சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

நறுமுகையிடமிருந்து இரண்டு வரி: "ஹாப்பி தீபாவளிப்பா. இன்னிக்கு திங்கக்கிழமை டின்னர், அதான் பேச முடியல." பாருங்கள், நான் சொல்லவில்லையா? தீபாவளி அன்றைக்கும் கட்டாயம்.

பிள்ளையின் குரலைக் கேட்டுப் பதினேழு நாளாகிறது.

அக்டோபர் 24, வெள்ளி

ஹேலி ஒரு படம் அனுப்பினாள். நேற்று வெளிப்படும் நாள். படத்தில் நறுமுகை மஞ்சள் போர்வை போர்த்தியிருக்கிறாள். மடியில் துணி யானை. இன்னொரு பெண்ணின் தோளில் முகத்தை வைத்திருக்கிறாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசியில் வெறும் மஞ்சள்தான் தெரிந்தது.

மற்ற பெண்களைச் சுற்றி எங்கும் பலூன். இவர்கள் இருவரைச் சுற்றி ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண் ஹேலி நன்றாக இருக்கட்டும்.

அக்டோபர் 26, ஞாயிறு

அவளே கூப்பிட்டாள்!

"அப்பா, எட்டாம் தேதி அப்பாக்கள் வீக்கெண்ட். எல்லார் அப்பாவும் வர்றாங்க. நீங்க... வர்றீங்களா?"

"வர்றேன் சாமி."

"கேள்வி கேக்கக் கூடாது."

"கேக்கல."

வைத்த பிறகு ஹாலிலிருந்து சமையலறைக்கும் சமையலறையிலிருந்து ஹாலுக்கும் நடந்தேன். சட்டை தேய்க்க இன்னும் பதிமூன்று நாள் இருக்கிறது. தேய்த்துவிட்டேன்.

நவம்பர் 8, சனி

வீட்டுக்குத் திரும்பிவந்து எழுதவில்லை. வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் காரை நிறுத்தி இதை எழுதுகிறேன். வீடு போய்ச் சேர்வதற்குள் ஒரு சொல் மாறிப்போனாலும் எனக்குப் பொறுக்காது.

பெரிய வெள்ளை வீடு. வாசலில் ஹேலி நின்றிருந்தாள், ஒல்லியான செம்பட்டைத் தலைப் பெண். என் பெயரை மூன்று துண்டாக உடைத்து, ஒன்றுகூடத் தொலைக்காமல் சொன்னாள். அத்தனை அப்பாக்களும் தொப்பி போட்டுக்கொண்டு பர்கர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தேய்த்த சட்டையோடு நின்றேன். ஒருவர் கையில் கரண்டியைக் கொடுத்தார். நான் திருப்பிப் போட்ட பர்கர் ஒன்றும் கருகவில்லை.

நறுமுகை உள்ளே போன நேரத்தில் ஹேலி சொன்னாள். புதிதாகச் சேர்ந்த பெண்களும் தங்களைப் பற்றி அதே படிவத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். "அவள் எழுதியதும் நீங்கள் எழுதியதும் பலூனைத் தவிர அநேகமாக எதிலும் ஒத்துப்போகவில்லை. அவளுக்குக் கடலையே பிடிக்காது. பிடித்த நிறம் கரும்பச்சை."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "பிறகு ஏன் நான் எழுதியவற்றை வாங்கிக் கொடுத்தாய்?" என்றேன்.

"அவளுடைய பட்டியலை யார் வேண்டுமானாலும் வாங்கிக் கொடுக்கலாம்" என்றாள். கடலை மிட்டாய்க்காக நாற்பது நிமிடம் கார் ஓட்டி ஒரு இந்தியக் கடைக்குப் போயிருக்கிறாள். என் படிவத்தை அச்செடுத்துப் பெட்டிக்குள் ஒட்டியும் கொடுத்திருக்கிறாள்.

மூன்று மணிக்கு நறுமுகை என் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா, கார் எங்க நிறுத்தியிருக்கீங்க? ஒரு ரவுண்டு போலாமா?"

போனோம். நான் வாயைத் திறக்கவில்லை. நூலகம், விளையாட்டுத் திடல், விடுதி, மறுபடியும் நூலகம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். மூன்றாவது சுற்றில் பேசினாள்.

"எல்லாமே தப்புப்பா நீங்க எழுதினது."

"ஹேலி சொன்னா கண்ணு."

"ரெண்டாங்கிளாஸ்ல எனக்கு அதெல்லாம் புடிக்கும். எனக்கே மறந்து போச்சு. நீங்க வெச்சிருக்கீங்க." என் பக்கம் திரும்பினாள். "ஆனா பதினொண்ணாவது கரெக்ட். யாரைக் கூப்பிடுவான்னு தெரியலைன்னு எழுதியிருந்தீங்கல்ல? எனக்கும் தெரியலப்பா. நான் யாரையும் கூப்பிடல."

"எப்பக் கண்ணு?"

"வந்ததுலருந்து. டைனிங் ஹால்ல தட்டை எடுத்துட்டு நிப்பேன். எல்லா டேபிள்லயும் நாலு பேர், அஞ்சு பேர். ரூம்மேட் அவ ஃப்ரெண்ட்ஸோட போயிருவா. நான் டப்பால போட்டு எடுத்துட்டு ரூமுக்கு வந்துருவேன். கட்டில்ல உக்காந்து சாப்பிடுவேன். அஞ்சு வாரம்ப்பா."

"நான் தெனமும் கேட்டனே சாமி..."

"நீங்க சாப்பிட்டியான்னு கேட்டீங்க. சாப்பிட்டேன். நான் பொய் சொல்லல."

திடல் ஓரமாகக் காரை நிறுத்திவிட்டேன். ஓட்ட முடியவில்லை.

"சொராரிட்டி வீட்டுக்கு வந்தப்ப ஹேலிதான் பேசினா. திங்கக்கிழமை எல்லாரும் சேந்து சாப்பிட்டே ஆகணும், வரலைன்னா ஆள் அனுப்பித் தேடுவோம்னு சொன்னா. அது ஒண்ணுக்குத்தாம்ப்பா சேந்தேன். யாராவது தேடுவாங்கன்னு."

சிவப்பு மையில் நான் கோடு போட்டது அந்த வரிக்குத்தான். சேர்க்கைச் சடங்கு, மது, மார்க்கு, ஆம்புலன்ஸ் என்று ஊரான் பிள்ளைகளிடம் பத்தொன்பது கேள்வி கேட்டேன். அவை தப்பான கேள்விகள் இல்லை, இன்னொரு அப்பா வந்து கேட்டால் இன்றைக்கும் கேளுங்கள் என்றுதான் சொல்வேன். என் பிள்ளையிடம் கேட்க ஒன்று இருந்தது, அதைக் கேட்கவில்லை. ஐந்து வாரம், முப்பத்தெட்டு நாள், ஏழு மணிக்குக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

"மன்னிச்சுரு அம்முணி" என்றேன்.

"அழாதீங்கப்பா. யாராவது பாத்தா நான் ராகிங் பண்ணிட்டேன்னு நெனப்பாங்க." சிரித்தாள். பிறகு, "இன்னொரு ரவுண்டு போலாம்" என்றாள்.

ஏழு சுற்று போனோம்.

நவம்பர் 9, ஞாயிறு

கோகிலாவிடம் செடி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நறுமுகை சொன்னதையும் சொன்னேன். செடிக்காகத் திட்ட ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். "நானும் அதைத்தானுங்க கேட்டேன் அவகிட்ட. சாப்பிட்டியா, சாப்பிட்டியான்னு" என்றாள்.

நவம்பர் 12, புதன்

ஆறரைக்குச் சோறு வைத்து ரசம் வைத்தேன். ஜன்னல் ஓரத்தில் வழக்கமான இடத்தில் தட்டோடு நின்றபோது வீடியோ அழைப்பு. நறுமுகை.

நான் முந்திக்கொண்டேன். "இன்னிக்கு யாரோட சாப்பிட்ட கண்ணு?"

"ஹேலி, அப்புறம் மார்கோன்னு ஒரு பொண்ணு. அவ ஃப்ரைஸ் மேல தேன் ஊத்திச் சாப்பிடறாப்பா, பாக்கவே முடியல." பத்து நிமிடம் பேசினாள். ஐந்து வாரத்து "சாப்பிட்டேன்"களில் இதில் ஒரு சொல்கூட இருந்ததில்லை.

பிறகு கேமராவுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள். "நீங்க சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டுட்டே இருக்கேன்."

"யாரோடப்பா?"

ரசம் ஆறிக்கொண்டிருந்தது. சொல்லாமல் மழுப்பியிருக்கலாம். ஆகஸ்டிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

"தனியாத்தான் சாமி."

"நின்னுட்டா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பின்னாடி ஜன்னல் தெரியுது. தட்டை எடுத்துட்டு மேசைக்கு வாங்க. உக்காருங்க. போனை அந்தத் தண்ணி சொம்புல சாய்ச்சு வைங்க. எதுக்க வைங்க, சைடுல இல்ல. நானும் ஒரு ஆப்பிள் எடுத்துட்டு வர்றேன், இருங்க."

திரையில் அவளுடைய காலி நாற்காலி தெரிந்தது. எதிரே என் மேசையிலும் அவள் நாற்காலி காலியாக இருந்தது. காத்திருந்தேன். ஆப்பிளோடு வந்து உட்கார்ந்தாள்.

"ம், இப்ப சாப்பிடுங்க" என்றாள்.

செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். வெறும் குச்சிதான், இருந்தாலும் ஊற்றினேன். உட்கார்ந்து சாப்பிட்டேன்.